நாற்பத்தெட்டு நாள் நீலம்

என் தங்கையின் சிறுநீருக்குப் பதிலாக என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல... ஏறக்குறைய இரண்டு மாதம். காலையும் மாலையும்.

இதுதான் நான் செய்தது. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெற்றவளிடம் சொல்லவில்லை. கட்டியவரிடம் சொல்லவில்லை. யாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ, அவளிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டு மேலே படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. செஞ்சியில் எங்கள் வீடு. நைனா தாலுகா ஆபீசில் பியூன். அம்மா மண்டியில் மல்லாட்டை உடைக்கப் போவாள். வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எனக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கடைத்தெருவில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். தங்கை கோமதிக்குப் பதின்மூன்று. எட்டாம் வகுப்பு.

அதற்கு முந்தைய வருஷம் அவள் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். பாண்டிச்சேரிப் பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். சர்க்கரை வியாதி, சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை, ஆயுசுக்கும் தினம் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு ஊசி என்று அம்மா கேட்டாள். ஆயுசுக்கும் என்று மறுபடி சொன்னார். அம்மா மூன்றாம் தடவையும் அதையே கேட்டாள்.

படித்தவள் என்பதால் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்திப் பழகினேன். கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைக்க வேண்டும். வீட்டில் பிரிட்ஜ் ஏது? மருந்துச் சீசாவை ஈர மணல் போட்ட பானைக்குள் வைக்க வேண்டும். அப்புறம் அந்தச் சோதனை... கண்ணாடிக் குழாயில் ஒரு ஸ்பூன் நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. கொதித்தும் நீலம் நீலமாகவே நின்றால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிக்கொண்டே போனால் சர்க்கரை ஏறுகிறது. செங்கல் சிவப்பு வந்தால் தலைக்கு மேல்.

வந்த நிறத்தை அப்படியே நோட்டில் தீட்டிக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். கட்டம் போட்ட நோட்டும் கலர் பென்சிலும் வாங்கினோம். காலைக்கு ஒரு கட்டம், மாலைக்கு ஒரு கட்டம்.

முதல் ஆறு மாதத்தில் சிவப்புப் பென்சில்தான் வேகமாய்க் கரைந்தது.

சிவப்பு வந்தால் சிரிஞ்சில் மருந்தை ஒரு புள்ளி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் அதற்குப் பொருள். இதை இன்று நான் அறிவேன். எங்கள் வீட்டில் அன்று சிவப்பு என்றால் யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்று பொருள்! அம்மா கோமதியின் புத்தகப் பையைக் கவிழ்த்துக் கொட்டி மிட்டாய்க் காகிதம் தேடுவாள். எதுவும் கிடைக்காது. கிடைக்காததற்கும் சேர்த்து அடிப்பாள். அடித்துவிட்டுத் தானும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் 'சக்கரைக் கட்டி' என்று பெயர் வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ கிளப்பிவிட, அவள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. விளையாட்டு வகுப்பில் புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். ஆடி மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ராஜகிரிக்குக் கூட்டிப்போய் உச்சிவரை ஏற்றுவார்கள். நீ வரவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து வாசலில் நின்று பார்க்கும் மலை அது.

சாயங்காலம் நான் விளக்கைப் பற்றவைக்கும்போது அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

"அக்கா, இன்னைக்கு இன்னா கலர் வரும்?"

பரீட்சை ரிசல்ட் கேட்கிற குரல் அது. அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

இரக்கத்தினால்தான் தொடங்கினேன் என்று நீங்கள் நினைக்கத் தொடங்கியிருப்பீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்... சோம்பலினால் தொடங்கினேன்!

ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு காலை. கோமதி சிறுநீரைச் சீசாவில் பிடித்து வைக்காமலே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டாள். எனக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்கு நேரமாயிற்று. கட்டம் காலியாய் இருந்தால் அம்மா என்னைத்தான் திட்டுவாள். வேறு யோசனை எதுவும் இல்லை. என்னுடையதைப் பிடித்துக் காய்ச்சினேன். நீலம். அச்சு அசல் நீலம். அம்மா மண்டிக்குப் புறப்பட்டவள் குழாயை எட்டிப் பார்த்தாள்.

அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்? ஒரு வருஷமாய்க் காணாமல் போயிருந்த என் அம்மா அந்த நிமிஷம் திரும்பி வந்தாள். "நீலமாடி?" என்றாள். குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலமே நான் நிறுத்தியிருக்கலாம். கோமதியின் சீசா கிணற்றடியில் இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. சீசாவைக் கவிழ்த்துவிட்டு அதில் என்னுடையதைப் பிடித்தேன்.

என் கெட்ட நேரம் பாருங்கள், அதே வாரத்தில்தான் அம்மாவோடு மல்லாட்டை உடைக்கும் கன்னியம்மா நாவல் கொட்டைத் தூள் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். காலையில் வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் கொடுத்தால் சக்கரை ஓடிவிடும் என்று. அம்மா கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் என் நீலம்! அம்மா வேறு எதை நம்புவாள்?

ஒரு வாரம் நீலமாகவே நின்றதும் அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள். வந்தவள் நைனாவிடம் சொன்னதைக் கேட்டபோது என் கையில் இருந்த சொம்பு நழுவியது.

"ஒரு மண்டலம் இதேமாரி நீலமா நின்னுதுன்னா ஆடியில ஆத்தாளுக்குக் கூழ் ஊத்தறேன்னு வேண்டிக்கினேன். ஊசியையும் அவ காலடியிலேயே வெச்சுடறேன்னு சொல்லிட்டேன்."

ஒரு மண்டலம்... நாற்பத்தெட்டு நாள். அன்றிலிருந்து சுவரில் கரியால் நாளுக்கு ஒரு கோடு போட்டாள். அதுவரை எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்று இருந்தேன். அந்தக் கோடுகள் வந்த பிறகு, ஒரு நாள் சிவப்பு காட்டினாலும் அம்மாவின் வேண்டுதலைக் கெடுத்தவளாவேன். அந்தப் பழியும் கோமதி தலையில்தான் விழும். என் பொய்யை அம்மா சாமியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டாள். அங்கிருந்து எப்படித் திருப்பி எடுப்பது?

ஊசியை மட்டும் நான் நிறுத்தவில்லை. தினமும் போட்டேன். அதைச் சொல்லி என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஊசிதான் போகிறதே, நிறம் எதுவாய் இருந்தால் என்ன என்று.

நடுவில் மருந்து வாங்க நைனா மட்டும் பாண்டிச்சேரி போனார். கோமதிக்குப் பள்ளிக்கூடம். அவளுக்குப் பதிலாக நோட்டு போயிற்று. டாக்டர் பக்கம் பக்கமாய்ப் புரட்டினாராம். இத்தனை நீலம் என்றால் சர்க்கரை ஒரேயடியாய் இறங்கிவிடப் போகிறது என்று மருந்தில் நாலு புள்ளி குறைத்தார். அடுத்த தடவை பெண்ணைக் கட்டாயம் கூட்டிவாருங்கள், ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். இந்த நோட்டை எழுதிய அக்கா இருக்கிற வீட்டில் பிள்ளைக்குக் குறை வராது என்றும் சொன்னாராம். நைனா அதை ஆபீசில் சொல்லி, தெருவில் சொல்லி, சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொன்னார்.

எனக்கு அது பிடித்திருந்தது. பாவி... பிடித்திருந்தது! தெருவில் நடந்தால் என்னைக் காட்டிப் பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டபடியே மெல்ல நடந்தேன்.

நாலு புள்ளி குறைந்ததை அவள் உடம்பு உடனே காட்டியது. மறுபடி சொம்பு சொம்பாய்த் தண்ணீர். கன்னம் ஒட்டியது. வயசுக்கு வரப்போகிற பெண், உயரம் போடுகிறாள், அதனால்தான் மெலிகிறாள் என்றாள் அம்மா. கிணற்றடியில் அவள் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. யாரும் பார்ப்பதற்கு முன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். தினமும் கழுவினேன். எறும்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா?

நாற்பதாவது கோடு விழுந்த அன்று யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளுடையதை உண்மையாகவே காய்ச்சினேன். நீலம் கண் முன்னே பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் சிவப்பாய்க் கெட்டியானது. கீழே ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினேன். பிறகு நேரே தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். நைனாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாய்ச் சொல்கிறேன், அப்படித்தான் போனேன்!

அவர் என்னைப் பார்த்ததும் ஆபீசில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, "இதான் எம் மூத்த பொண்ணு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். இன்னா விஷயம்மா என்று கேட்டார். சும்மா வந்தேன் என்றேன். அந்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினோம். கோயில் முன்னால் அண்டாவில் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் முருங்கைக் கீரை, கருவாட்டுக் குழம்பு. கோமதி மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு தானே மொண்டு மொண்டு ஊற்றினாள். அவள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இத்தனை நாள் அவள் பக்கத்தில் உட்காராதவர்கள். ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, தின்னு என்று தலையசைத்தாள்.

பூசாரி கற்பூரம் காட்டும்போது அம்மா சிரிஞ்சுப் பெட்டியை அம்மன் காலடியில் வைத்தாள். விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. அழுதுகொண்டிருந்தாள்.

கோமதி என் காதருகே வந்து, "இனிமே எனக்கு ஊசி இல்லக்கா. மலைக்கும் போவேன்" என்றாள்.

அதோ, அந்த இடம்தான். அந்த ஒரு நிமிஷத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெட்டியை எடு அம்மா, எல்லாம் பொய், நீலம் என்னுடையது... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஊசி போடும் நேரம் வந்தது. சிரிஞ்சு கோயிலில் இருந்தது. நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் மலைக்குக் கூட்டிப்போனார்கள். நல்லாகிவிட்டது என்று நைனாவே எழுதிக் கொடுத்திருந்தார். பாதிப் படிகூட ஏறவில்லை, வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டாளாம். கூடப்போன டீச்சரும் அந்த இரண்டு பெண்களும் தாங்கிப் பிடித்து இறக்கி, வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா மோர் கொடுத்தாள். அதையும் வாந்தி எடுத்தாள். புதன்கிழமை காலையில் அவள் மூச்சு மாறிவிட்டது. அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து விட்டாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை.

பாண்டிச்சேரி பஸ்ஸில் அம்மா மடியில் அவள் தலை, என் மடியில் கால். அவள் மூச்சில் அழுகிய பழத்தின் வாசம் அடித்தது. நாவப்பழ வாசனை வருது பாருடி என்று அம்மா என்னிடம் சொன்னாள். தூள் அளவு மீறிவிட்டதோ என்று அவளுக்குப் பயம். அந்த பஸ்ஸில் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? இவளைப் பிழைக்க வை, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்துக் கண் திறந்தாள். பிழைத்துவிட்டாள். நான் சொல்லவில்லை.

டாக்டர் நோட்டைப் புரட்டியபடி, இவ்வளவு நீலத்திலிருந்து எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டார். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு, ஊசியை நிறுத்தியது நான்தான் என்றாள். அவர் கோபப்படக்கூட இல்லை. ஊசி போட்டதனால்தானம்மா நீலம் வந்தது, அதை நிறுத்தலாமா என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே சாகக் கொடுக்கப் பார்த்தோம் என்று அவள் நம்பினாள். கடைசிவரை நம்பினாள். அதன்பிறகு அந்தக் கோயில் பக்கம் அவள் போகவே இல்லை. ஆத்தா தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று அவளுக்கு மனத்தாங்கல். ஏமாற்றிய நானோ அவள் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தேன்!

கோமதி என்ன சொன்னாள் தெரியுமா? டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையோடு என்னைக் கிட்டே கூப்பிட்டு, தேய்ந்த குரலில் சொன்னாள்.

"கூழ் ஊத்தன அன்னைக்கு ரெண்டு மிட்டாய் தின்னுட்டேன்க்கா. அதனாலதான். அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். தூங்கு என்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை என் பாவத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டபோது, நான் தலையைத் தடவிக் கொடுத்தேன்...

அதற்குப் பிறகு ஒழுங்காகத்தான் காய்ச்சினேன். வந்த நிறத்தைத்தான் தீட்டினேன். அது கணக்கில் சேருமா? கோமதி படித்தாள், வேலைக்குப் போனாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். நாற்பது தாண்டியதும் பார்வை மங்கத் தொடங்கியது. இப்போது ஆளின் உருவம்தான் தெரியும். வியாதி அதன் வழியில் போயிருக்கிறது என்றார் கண் டாக்டர். அந்த இரண்டு மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவரிடம் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்கூட என்னால் நம்ப முடியாது.

இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். இந்த வியாதி வந்த பிள்ளைகளை எங்கிருந்தெல்லாமோ அவளிடம் கூட்டிவருகிறார்கள். அவள் பேசினால் அந்தப் பிள்ளைகள் ஊசிக்குக் கையை நீட்டுகின்றன. நான் காபி போட்டுக் கொடுப்பேன்.

போன மாதம் செஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் அனந்தபுரத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் பதினான்கு இருக்கும். தினமும் மெஷினில் சர்க்கரை பார்த்து அந்த எண்களை எழுதி வைக்கும் நோட்டு அவள் கையில் இருந்தது. பாதிக்கு மேல் எண்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். திருட்டுத்தனமாய் எதையோ தின்கிறாள் என்று அந்தத் தாய் அழுதாள். கோமதி தடவித் தடவிப் போய்ப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்து வந்தாள்.

என் நோட்டு! இத்தனை வருஷம் பத்திரமாய் வைத்திருக்கிறாள்.

அம்மா தெரியாமல் ஊசியை நிறுத்தியதால்தான் ஆஸ்பத்திரிவரை போனேன், மற்றபடி எங்க அக்கா என்னை எப்படிப் பார்த்துக்கொண்டாள் பாருங்கள் என்று சொல்லி, விரலால் ஓரத்தை எண்ணிச் சரியாக அந்தப் பக்கங்களைப் பிரித்துக் காட்டினாள். நிறம் மங்கியிருந்தாலும் நீலம் நீலமாகவே இருந்தது. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தப் பெண் மட்டும் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த வியாதியோடு வாழ்கிற பிள்ளை. ஒரே நிறமாய்த் தினமும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும்.

"தெனமுமே நீலமாதான் வந்துச்சா?" என்று கேட்டாள்.

கோமதி நான் நின்ற திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தபடி காத்திருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அந்தப் பெண் தன்னுடைய நோட்டை மூடி, பாவாடைக்கு அடியில் தள்ளி மறைத்துக்கொண்டாள்.